வரலாறு அந்தப் பக்கம்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம்தான், எனக்கு மட்டும் இரண்டு நாளாக மனசு குமட்டிக்கொண்டிருக்கிறது, நீயாவது அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இரு. அப்பா குளியலறைக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று திருகி, இப்போது அது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. ஆஸ்பத்திரி சலவைப் பெண்களைப் பற்றி ஆதாரமே கிடைக்காது, மாதக் கடைசிக்குள் ஆய்வுத் தலைப்பை மாற்று என்று உன் பேராசிரியர் சொன்னதாக எழுதியிருந்தாயே, இங்கே என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று நானே கிளம்பினேன். நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் என்று பேர்தான், அந்நியரிடம் ஒரு வார்த்தை கேட்பதற்குள் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும், உனக்குத் தெரியாததா.

நூலகத்தில் பெண்கள் என்று எழுதி ஒட்டிய அலமாரி ஒன்று இருந்தது. முகப்பரு போக்க, இடுப்புக் குறைக்க, கணவரைக் கோபப்படுத்தாமல் இருக்க, எல்லாவற்றுக்கும் புத்தகம் உண்டு. பெண்கள் வரலாறு எங்கே என்று மெல்லக் கேட்டேன். அந்த நூலகர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "வரலாறு அந்தப் பக்கம் மேடம், இது பெண்கள் பக்கம்" என்றார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் அட்டைக்கு அட்டை மீசைகளாக வரிசை கட்டி நிற்கின்றன. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழைய பொருள்களை வைத்திருக்கிறார்களே ஓர் அறை, அதில் ஒரு பெரிய போட்டோ. நடுவில் பெரிய டாக்டர் பெயரோடு, பட்டத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் துணி துவைக்கும் இயந்திரம், அதற்கும் பெயர், செய்த கம்பெனி, வந்த வருஷம். பின்னால் நிற்கிற அத்தனை பெண்களுக்கும் சேர்த்து ஒரே சொல், சலவைப் பிரிவு. ஓரத்தில் போட்டோச் சட்டம் ஒருத்தியின் பாதித் தலையை வெட்டியிருக்கிறது, மீதித் தலை அங்கே துணி துவைத்த உன் அத்தையுடையது. கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் பயன்படுத்திய ஊசிகளைப் போட்டு வைக்கும் தகரப் பெட்டி, பெரிய டாக்டரின் சீரிய யோசனை என்று எழுதி, பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டி எங்களால்தான் வந்தது என்று அத்தை எப்போதோ சொன்னது நினைவுக்கு வர, அந்தப் பளபளப்பைப் பார்க்கப் பிடிக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

நேராக அத்தை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். எழுந்து சண்டைக்குப் போவார் என்று நினைத்தேன், அவர் சிரிக்கிறார். "யோசனையா? அந்தாளு எங்க பக்கம் வந்தா வாசலோட மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பிடுவாரு" என்றார். வார்டிலிருந்து வரும் அழுக்கு விரிப்புகளுக்குள் ஊசிகளும் சுருண்டு வருமாம், எத்தனை தடவை சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லையாம். அத்தையோடு வேலை பார்த்த ஒருத்தி உள்ளங்கையில் ஊசி ஏறி, கை வீங்கிக் காய்ச்சலில் விழுந்துவிட்டாள். மறுநாள் காலை எல்லோரும் ஒரு மூட்டையையும் பிரிக்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய டாக்டர் அறை வாசலில் அடுக்கிவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ரத்தம், சீழ், வாந்தி, எல்லாம் அந்த வெயிலில். "மத்தியானம் வரைக்கும்கூட அவரால தாங்க முடியலம்மா, நாங்க வருஷக்கணக்கா அதுலதான் நின்னோம்" என்றார். வார்டுக்கு ஒரு தகரப் பெட்டி வந்தது அதற்கு அப்புறம்தான்.

உன்னிடம் இதையெல்லாம் சொல்வீர்களா என்று கேட்டதற்கு முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவ படிச்சவ, சோப்பு வாசனையா எழுதிடுவா, அந்தப் பெட்டியைத் துடைச்ச மாதிரி என்னையும் துடைச்சு வெச்சிடுவா" என்றார். அப்படியெல்லாம் என் மகள் எழுத மாட்டாள் என்று நான் உனக்காக வாக்குக் கொடுத்திருக்கிறேன், என்னைப் பொய்யாக்கிவிடாதே. "நாத்தத்தோட எழுதுவான்னா போன் போடச் சொல்லு, அன்னைக்கு உட்கார்ந்திருந்தவங்கள்ல இன்னும் மூணு பேர் இருக்கோம், கூப்பிட்டு வெக்கிறேன்" என்று கடைசியில் இறங்கி வந்தார்.

நீ எடுத்த காரியத்தைப் பாதியில் விடாமல் முடித்து, நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும். தலைப்பை மாற்றாதே. உன் பேராசிரியரிடம் சொல், ஆதாரத்துக்கு மூட்டுவலி, மத்தியானம் தூங்கிவிடும், காது கொஞ்சம் மந்தம், சாயங்காலமாகப் பார்த்துச் சத்தமாகக் கேட்டால் எல்லாம் சொல்லும்.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா