கரி ஊதும் மோட்டார்

1944, ஆனி. செவ்வாய் இரவு.

நாளை தங்கை கமலா வேலூரில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர வேண்டும். பஸ்ஸில் அனுப்ப மாட்டேன், நம் காரில் போனால் போகட்டும் என்று நைனா அரை மனதாகச் சொல்லியிருந்தார். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காததால் கார் கரி வாயுவில் ஓடுகிறது. இன்று காலை, கரியை மூட்டக் காற்று ஊதும் மோட்டார் புகைந்து நின்றது.

நைனாவின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தேன்.

"முருகன் நாள்ல தடங்கல் வந்துகீது. சாமிக்கே இஷ்டமில்ல. இனிமே பேச்சே கெடையாது."

"சாமி மலைமேல செவனேன்னு கீறாரு நைனா. எரிஞ்சது மோட்டாரு" என்றாள் கமலா.

அவள் சொன்னதுதான் சரி. தேய்ந்து செத்த மோட்டாரில் சாமியின் செய்தி எதுவும் இல்லை.

கனகம்மாசத்திரத்தில் ஓடாமல் நிற்கும் கரி பஸ்ஸின் காற்று ஊதும் மோட்டாரை, சொந்தக்காரரிடம் கேட்டுக் கழற்றி வந்தேன். திருகாணித் துளைகள் பொருந்தவில்லை. கம்பியால் இறுக்கிக் கட்டினேன். செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் யாரும் வண்டியைப் பிரித்ததில்லை. நான் பிரித்தேன். பொழுது சாயும்போது கரி கனன்றது. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

நைனா வாசலில் நின்று பார்த்தார்.

"காலைலயும் சுத்துமாடா அது?"

"சுத்தும் நைனா."

உண்மையில் தெரியாது. ஒரு தடவை சுற்றினால் போதும். ஓடத் தொடங்கிய பிறகு எஞ்சினே காற்றை இழுத்துக்கொள்ளும். தானும் கூட வருவதாக நைனா சொல்லிவிட்டார். சோளிங்கரில் காபிக்கு நிறுத்தச் சொல்வார். சொல்லட்டும். வேலூர் வரும்வரை எஞ்சினை அணைக்க மாட்டேன்.