லால்பாக் பாறையும் நீ தைத்த காலரும்

எங்களை அதட்டியே அன்பு காட்டிய என் பிலோவுக்கு,

உன் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு நம்ம ஊர் சர்ச்சில் ஒரு சின்ன மலர்ப் புத்தகம் போடுகிறார்கள். உன் படத்துக்குக் கீழே நாலு வரி எழுதிக் கொடு என்று என்னைக் கேட்டார்கள். நாலு வரியில் உன்னிடம் எதைப் பேசுவது? போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்று ஏழு வருஷம் ரயிலில் பேசியும் பேச்சு தீராதவர்கள் நாம். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

முதலில் பெரிய சேதி. நாங்கள் போய் வந்துவிட்டோம், பிலோ. நீ போட்ட திட்டப்படியே ஒரு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் பெங்களூரைச் சுற்றிப் பார்த்தோம். நானும் ஷகீலாவும். உன் இடத்தில் உன் மகள் ரோஸி.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். தினமும் மாரிக்குப்பத்தில் முதல் ரயில் ஏறி, கண்டோன்மென்ட்டில் இறங்கி, பஸ் பிடித்து, சட்டை தைக்கிற கார்மென்ட்ஸுக்குப் போகிற பெண்கள் பெங்களூரைப் பார்க்கத் தனியாக லீவு போட்டார்களாம். ஆனால் நமக்குத் தெரிந்த பெங்களூர் எது? ஒரு பிளாட்பாரம், ஒரு பஸ் ஸ்டாப், ஒரு இரும்பு கேட். நம்ம ஊர் தங்கச் சுரங்கத்தில் நம் வீட்டு ஆண்களின் வேலை ஆட்டம் கண்டபோது நாம் ரயில் ஏறினோம். மூடிய பிறகு அந்த ரயில்தான் சோறு போட்டது. ஜன்னலுக்கு வெளியே ஊர் இருந்தது. நாம் தூங்கிக்கொண்டிருந்தோம், இல்லையென்றால் பேசிக்கொண்டிருந்தோம்.

சென்னையிலிருந்து வந்த உன் சித்தப்பா மகள், பெங்களூரில் பார்க்க என்னென்ன இருக்கிறது என்று உன்னைக் கேட்டாளே, அந்த ஞாயிறுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். மறுநாள் ரயிலில் நீ வழக்கம்போல் தூங்கவில்லை. பங்காருப்பேட்டையில் ஷகீலா ஏறும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாய்.

"ஏழு வருஷமா போறோம், வர்றோம். அந்த ஊரு எப்படி இருக்கும்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலடி. வெக்கமா இருந்துச்சு."

அன்றே கட்டிங் செக்‌ஷனிலிருந்து ஒரு துண்டு பிரவுன் பேப்பர் கொண்டுவந்து எழுத ஆரம்பித்தாய். ஷகீலாவுக்கு கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் வளையல் வாங்க வேண்டும், சிவாஜி நகரில் கபாப் தின்ன வேண்டும். எனக்கு விளக்குப் போட்ட விதான சௌதா சட்டசபைக் கட்டடம். நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். சாப்பாட்டு நேரம் முடிந்தது என்று மணி அடித்து எழுப்பாத ஓர் இடத்தில், உட்கார்ந்து, நிதானமாக மசால் தோசை சாப்பிட வேண்டும். அதற்குக் கீழே "லால்பாக்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாய். எதற்கு அந்த அடிக்கோடு என்று நான் கேட்கவே இல்லை.

நான் உன்னிடம் கேட்காத மன்னிப்பும் ஒன்று உண்டு. மூன்று தடவை நாள் குறித்தாய். மூன்று தடவையும் தள்ளிப்போட்டது நான்தான். ஒரு தடவை பையனுக்குப் பரீட்சை. ஒரு தடவை மாமியாருக்கு உடம்பு சரியில்லை. மூன்றாவது தடவை ஒரு காரணமும் இல்லை, பிலோ. வீட்டுக்காரர் வேலை போய் வாசலில் உட்கார்ந்திருக்கிறார், நான் ஊர் சுற்றக் கிளம்பினால் தெருவில் என்ன பேசுவார்கள் என்று பயந்தேன். உன்னிடம் தலைவலி என்று பொய் சொன்னேன். நீ என் நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டாய். அடுத்த ஜூன் மாதம், துணி உலர்த்திக்கொண்டிருந்த இடத்திலேயே நீ சாய்ந்துவிட்டாய். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவே இல்லை. அந்தத் தைலத்தின் வாசனை எங்கேயாவது வந்தால் இன்றைக்கும் நான் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுகிறேன். மன்னித்துவிடு என்று இத்தனை பேர் படிக்கிற இடத்தில் கேட்கிறேன்.

உன் சாப்பாட்டுப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து வந்து காட்டியவள் ரோஸி. டிசம்பர் கடைசியில் ஒருநாள் வந்தாள். நீ இல்லாமல் எப்படிப் போவது என்று ஷகீலா கோபப்பட்டாள். ரோஸி சண்டை போடவில்லை. "அம்மா எழுதினத யாராவது பார்க்கணும் இல்ல ஆன்ட்டி," என்றாள். ஷகீலா அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை லீவு கேட்கப் போனபோது, கல்யாணம் என்று சொல்லலாம் என நான் நினைத்திருந்தேன். ஷகீலா முந்திக்கொண்டு உள்ளதைச் சொல்லிவிட்டாள். சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தார். "பெங்களூர் பார்க்கவா? தினமும் எங்கம்மா வர்றீங்க?" என்றார். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஜனவரிக் குளிரில், அதே ரயிலில், நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பினோம். ரயில் ஒயிட்ஃபீல்டைத் தாண்டும்போது மூன்று பேரும் ஜன்னலில் முகத்தை வைத்திருந்தோம். கண்ணாடியால் கட்டிய கட்டடங்கள், பிலோ. ஒவ்வொன்றிலும் விடியற்கால வானம் முழுசாகத் தெரிந்தது. எத்தனை வருஷமாக அவை எழும்பிக்கொண்டிருந்தனவோ, நாம் ஒருநாளும் கண்ணைத் திறக்கவில்லை.

உன் தோசையை காந்தி பஜார் பக்கம் ஒரு பழைய ஹோட்டலில் சாப்பிட்டோம். வாசலில் கூட்டம். பெயர் கொடுத்துக் காத்திருந்துதான் இடம் கிடைத்தது. சர்வர் எங்கள் மேஜைக்கு வந்து, "ஏன் பேக்கம்மா?" என்று கன்னடத்தில் எங்களைக் கேட்டார். என்ன வேண்டும் என்று நம்மை யாரும் கேட்டு எவ்வளவு காலம் ஆகிறது? தோசை வெளியே முறுகல், உள்ளே மெத்து, அதில் வெண்ணெய் உருகிக்கொண்டு வழிந்தது. பழக்கதோஷத்தில் நான் நாலு வாயில் முடித்துவிட்டு எழுந்தே விட்டேன். ஷகீலா என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பிறகு இன்னொரு தோசை சொல்லி, ஆளுக்குக் கொஞ்சமாகப் பிய்த்து, காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தோம். யாரும் எழுப்பவில்லை.

அங்கிருந்து லால்பாக். பூக்களையும் கண்ணாடி மாளிகையையும் பார்ப்போம் என்றுதான் நான் நினைத்தேன். உள்ளே போனால் எதிரே ஒரு பாறை. குன்று என்று சொல்ல முடியாது, பிலோ. பூமியே முதுகைக் காட்டிப் படுத்திருப்பதுபோல ஒரே கல். உச்சியில் ஒரு குட்டிக் கோபுரம். கோடிக்கணக்கான வருஷத்துப் பாறை என்று பலகையில் எழுதியிருந்ததை ரோஸி படித்துச் சொன்னாள். குழந்தைகள் அதன்மேல் ஓடி விளையாடுகிறார்கள். ஒரு பெண் அதில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறாள்.

நமக்குப் பாறை என்றால் என்ன? பூமிக்குள் பாறை வெடித்தால் வீட்டில் பாத்திரங்கள் உருளும். தட்டைப் போட்டது போட்டபடி பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். உன் அப்பாவைப் பாறை எடுத்துக்கொண்டபோது உனக்கு எட்டு வயது என்று நீ சொல்லியிருக்கிறாய். நம் வீட்டு ஆண்களின் தலைக்குமேல்தான் அது எப்போதும் இருந்தது. ஒரு பாறையின்மேல் வெயிலில் உட்காரலாம், நிலக்கடலை தின்னலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

ரோஸி செருப்பைக் கழற்றிவிட்டு மேலே நடந்தாள். உச்சியில் போய் மல்லாந்து படுத்துவிட்டாள். நாங்களும் வெட்கத்தை விட்டு இரண்டு பக்கமும் படுத்தோம். கல் இளஞ்சூடாக இருந்தது. மேலே வானத்தைத் தவிர ஒன்றுமில்லை. தாத்தா இதைப் பார்த்திருப்பாரா என்று கேட்டாள் ரோஸி. எனக்கு உன் அடிக்கோடு அப்போதுதான் புரிந்தமாதிரி இருந்தது. நீ யாரிடமோ இந்தப் பாறையைப் பற்றிக் கேட்டு வைத்திருந்தாயா, பிலோ? இல்லை, நான்தான் அப்படி நினைத்துக்கொள்கிறேனா?

அங்கே படுத்தபடியேதான் ரோஸி விஷயத்தைச் சொன்னாள். நீ போன துக்கத்தில் அவள் காலேஜில் சேராமல் இருந்தது எங்களுக்குத் தெரியும். பி.காம். சீட்டு கிடைத்தும் போகவில்லை. இப்போது ஃபேக்டரியில் உன் மெஷினைத் தருகிறோம் என்றார்களாம், அப்பாவும் சரி என்றுவிட்டாராம், பிப்ரவரியில் எங்களோடு ரயில் ஏறப்போகிறாளாம். வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நானும் ஷகீலாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

அன்று காக்ஸ் டவுனில் உன் பெரியம்மா மகள் லூர்து அக்கா வீட்டில் தங்கினோம். அவளும் நீ எழுதிவைத்த ஏற்பாடுதான். எங்களுக்கென்று புதுப் போர்வை எடுத்து வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தானாக நகரும் படிக்கட்டு இருக்கிற ஒரு பெரிய கடைக்கட்டடத்துக்குப் போனோம். புர்கா உள்ளே மாட்டிக்கொள்ளும் என்று ஷகீலா ஏற மறுத்துவிட்டாள். "யா அல்லா, நான் மாடிப்படியிலயே வர்றேன், நீங்க போங்கோ," என்று பின்வாங்கினாள். ரோஸி அவள் அங்கியைக் கொத்தாகத் தூக்கிப் பிடித்து, இடுப்பை அணைத்து ஏற்றிவிட்டாள். மேலே போய்ச் சேர்ந்ததும் ஷகீலா செய்தது என்ன தெரியுமா? மறுபடி கீழே இறங்கி வந்து இன்னொரு தடவை ஏறினாள்.

மத்தியானம் கமர்ஷியல் ஸ்ட்ரீட். வளையல், கபாப் எல்லாம் ஆனது. சந்து ஒன்றில், எக்ஸ்போர்ட்டுக்குப் போய் மிஞ்சிய துணிகளை விற்கிற கடைக்குள் சும்மா நுழைந்தோம். ஆண்கள் சட்டை வரிசையாகத் தொங்கியது. ஷகீலா திடீரென்று நின்றாள். ஒரு சட்டையின் கைப்பட்டியைத் திருப்பிப் பார்த்தாள். வெளிர்நீலக் கோடு போட்ட சட்டை, காலருக்கு உள்பக்கம் மட்டும் கருநீலம். போன வருஷம் ஏப்ரலில், நம்ம தையல் லைனுக்கு மட்டும் வந்த ஸ்டைல். கைப்பட்டி ஷகீலா. பாக்கெட் நான். காலர் முழுக்க நீ.

நாம் தைத்ததை நாம் சட்டையாகப் பார்த்ததே இல்லையே, பிலோ. உனக்கு நாள் முழுதும் காலர், எனக்கு நாள் முழுதும் பாக்கெட், ஒட்டித் தைக்கக் கட்டுக் கட்டாக மேல்மாடிக்குப் போய்விடும். இங்கே நாம் மூன்று பேரும் ஒரே ஹேங்கரில் ஒன்றாக இருந்தோம். அந்தக் காலர் முனையைப் பார்த்தேன். ஒரு நூல் பிசகு இல்லை. இரண்டு பக்கமும் கூர்மையாக, ஒரே அளவில். நீ இந்த உலகத்தில் இல்லாமல் ஏழு மாதம் ஆகியிருந்தது. உன் கை அங்கே இருந்தது.

ரோஸியிடம் சொன்னோம். அவள் காலரை விரலால் மெதுவாகத் தடவினாள். அப்புறம் கேட்டாள்.

"அம்மா இத முழுசா பார்த்ததே இல்லயா ஆன்ட்டி?"

"இல்லம்மா."

வாங்கிக்கொள்ளலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கிய ஓர் இளைஞன் வந்து அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போனான். போட்டுப் பார்த்தான். காலரை நிமிர்த்தி, சரிசெய்து, தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டான். கழற்றவே இல்லை, அதை அணிந்தபடியே பில் போட்டுவிட்டு வெளியே போனான். நாங்கள் கடை வாசலுக்கு வந்து, கூட்டத்தில் அந்த நீலம் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றோம்.

சாயங்காலம் விதான சௌதா. இருட்டத் தொடங்கும் நேரம், எதிர்ப்பக்க நடைபாதையில் ஜனங்களோடு ஜனங்களாக நின்றிருந்தோம். சட்டென்று அத்தனை விளக்கும் ஒரே சமயத்தில் எரிந்தது. கருங்கல் பொன்னாக மாறிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. இத்தனை பெரிய அழகு நாம் இறங்குகிற ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒவ்வொரு ஞாயிறும் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

அந்த வெளிச்சத்தில் ரோஸி என் பக்கம் திரும்பினாள்.

"நான் காலேஜுக்கே போறேன் ஆன்ட்டி. எனக்கு எதையும் பாதி பாதியா பார்த்துக்கினு இருக்க முடியாது. அப்பாகிட்ட நீங்க சொல்லுங்க."

சொன்னேன். மறுநாள் வேலை முடிந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக உன் வீட்டுக்கு ஷகீலாவையும் கூட்டிக்கொண்டு போனேன். உன் வீட்டுக்காரர் ஆரோக்கியசாமி அண்ணன் எல்லாவற்றையும் தலைகுனிந்து கேட்டார். பாறையைப் பற்றிச் சொன்னேன், சட்டையைப் பற்றிச் சொன்னேன். கடைசியில் ரோஸியைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"விட்டுப்போன சீட்டு, வர்ற ஜூன்ல திரும்பத் தருவாங்களா?"

தந்தார்கள், பிலோ. போன வாரம் காலேஜ் திறந்துவிட்டது. அண்ணன் ஒயிட்ஃபீல்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குக் காவல் வேலைக்குப் போகிறார். நம்ம ரயில்தான் அவருக்கும். ரோஸி எங்கள் பெட்டியில் வருகிறாள், மடியில் கணக்கியல் புத்தகம். முதல் நாள் அவள் உன் புடவையில் தைத்த சுடிதார் போட்டுக்கொண்டு வந்தாள். தைத்தவள் ஷகீலா. நாங்கள் இரண்டு பேரும் அவளை மேலும் கீழும் பார்த்ததில் அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது.

உனக்கு நான் வாக்குக் கொடுக்கிறேன். மூன்று வருஷமும் அவளை ஒருநாள்கூட ரயிலைத் தவறவிட விடமாட்டேன். மழையானாலும் காய்ச்சலானாலும் கதவைத் தட்டி எழுப்புவேன். உன்னைப்போல அதட்ட எனக்கு வராது. கற்றுக்கொள்கிறேன். அவள் பட்டம் வாங்கும் நாளில், அந்த மண்டபத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, எழுந்து நிற்க அவளுக்கென்று இரண்டு பெண்கள் இருப்போம்.

இப்படிக்கு,
உன் தோழியும் ரோஸியின் ஆன்ட்டியுமான
அமுதா