அரங்கம் நிறைந்த சாயங்காலம்

தலத்தெரு, காரைக்கால்
வியாழக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்கள் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். உங்களுக்கு அந்தச் சளி இருமல் விட்டதா என்பதுதான் இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் கவலை. மாமி இஞ்சியும் கருப்பட்டியும் போட்டு லேகியம் கிண்டி டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறார்கள். சாதிக் பாட்சா அண்ணன் சனிக்கிழமை தோஹாவுக்குப் புறப்படுகிறார். லேகியத்தோடு இந்தக் கடிதத்தையும் அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசும்போது நீங்கள் வேலை முடித்த அலுப்பில் இருக்கிறீர்கள். ரூமில் மற்றவர்களும் இருக்கிறார்கள். நான் ஆரம்பிப்பதற்குள் லைன் போய்விடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்ததை அரையும் குறையுமாகச் சொல்ல மனசு வரவில்லை. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. கொல்லைப்பக்கத்துச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. கொத்தனார் மருதையன் வந்து பார்த்துவிட்டு, மழை நின்ற பிறகுதான் பூச முடியும் என்று சொல்லிவிட்டார். மாமிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் மாத்திரையைக் கையில் எடுத்துக் கொடுத்தால்தான் போடுகிறார்கள்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் புதிதாக உள்விளையாட்டு அரங்கம் கட்டியதும், பக்கத்திலேயே கலையரங்கத்தைப் புதுப்பித்ததும் உங்களுக்குத் தெரியும். ஆனால் போன வருஷக் கலை விழாவில் நடந்தது முழுதாகத் தெரியாது. நீங்கள் பயப்படுவீர்கள் என்று அப்போது மேலோட்டமாகச் சொன்னேன். அச்சடித்த டிக்கெட் எத்தனை வெளியே போனது என்று யாருக்கும் கணக்குத் தெரியவில்லை. ஒரே இருக்கைக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். உள்ளே இடம் இல்லை என்று தெரியாமல் பின்னால் இருந்தவர்கள் தள்ள, கம்பிக்கதவு சாய்ந்துவிட்டது. முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி அடியில் மாட்டிக்கொண்டாள். தோள்பட்டை எலும்பு முறிந்து போனது. ஆட்டோவில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது நான்தான். வழியெல்லாம் அந்தப் பிள்ளை, "டிக்கெட் என்கிட்ட இருக்கு மேடம், நான் சும்மா உள்ள வரல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வலியைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் இரண்டு அரங்கத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் முறை வாங்கலாம் என்று நிர்வாகம் குழு போட்டது. உடற்கல்வி இயக்குநர் சண்முகசுந்தரம் சார் தலைவர். கணினித் துறையில் இருப்பதால் என்னையும் சேர்த்தார்கள். பல கம்பெனிகள் விண்ணப்பித்து, கடைசியில் இரண்டு நின்றன.

முதல் கம்பெனிக்காரர்கள் காட்டியது கண்ணைப் பறித்தது. அரங்கத்தின் படம் திரையில் சுழன்றது. எந்த இருக்கையைத் தொட்டாலும் அங்கிருந்து ஆடுகளம் எப்படித் தெரியும் என்று காட்டியது. எல்லாமே போனில்தான், காகிதமே கிடையாது. சண்முகசுந்தரம் சாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "பசங்க எல்லாம் போன்லதானம்மா வாழுறாங்க. வேற என்ன வேணும்?" என்றார்.

இரண்டாவது கம்பெனியிலிருந்து செந்தில்குமார் என்று ஒருவர் தனியாக வந்தார். அவர் காட்டியதில் அழகு ஒன்றும் இல்லை. ஆனால் போனிலும் வாங்கலாம், கவுன்டரிலும் காகித டிக்கெட் வாங்கலாம். மாணவர்கள் அடையாள அட்டையைக் காட்டியே வரலாம். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் அவர் கூட வருகிறவருக்கும் சேர்த்து இடம் ஒதுக்கலாம். ஒருவர் நடுவில் வெளியே போய்த் திரும்பி வந்தாலும் அவர் இடம் அவருக்கே இருக்கும்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஏசி அறையில் எல்லாம் நன்றாகத்தான் வேலை செய்யும். நம் ஊரில் ஒரு புயல் சின்னம் உருவானாலே டவர் படுத்துவிடுகிறதே! இரண்டு பேரையும் அரங்கத்தின் வடக்கு வாசலுக்கு அழைத்துப் போகலாம் என்று கேட்டுக்கொண்டேன். அங்கே கான்கிரீட் கூரைக்கு அடியில் சிக்னல் எட்டாது. முதல் கம்பெனியின் கருவியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. டிக்கெட் செல்லுமா செல்லாதா என்று அதனால் சொல்ல முடியவில்லை. செந்தில்குமாரின் கருவி உடனே பச்சை காட்டியது. கட்டடத்துக்குள்ளேயே ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதாம். வாசல் கருவிகள் எல்லாம் அதோடு பேசிக்கொள்ளும். வெளியே நெட் இல்லாவிட்டாலும் பாதகம் இல்லை. கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கும். ஒரே டிக்கெட்டை இரண்டு வாசலில் காட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். காட்டச் சொன்னார். இரண்டாவது வாசலில் சிவப்பு எரிந்தது.

சண்முகசுந்தரம் சார் அப்போதும் யோசித்தார். மற்றவர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, "வெறும் சாஃப்ட்வேர வாங்கிப் போட்டா ஆச்சா? கூட இருந்து பாத்துக்க ஆள் வேணும். உங்க வீட்டுக்காரர் உங்களுக்கும் விசா எடுத்துட்டாருன்னு சொன்னாங்களேம்மா. நீங்க இங்கயே இருப்பீங்கன்னா நான் இந்த ரெண்டாவது கம்பெனிக்கே ஒத்துக்கறேன்" என்றார். நான் தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

போன ஞாயிறு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான பெண்கள் கபடி இறுதி ஆட்டம். எங்கள் பெண்களும் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த அணியும் மோதினார்கள். ஊர் மக்களுக்கும் டிக்கெட் கொடுத்தோம். எங்கள் அணியில் ரெய்டு போகிற அறிவுமதி நெரவிக்காரி. அவளுக்காக அந்தக் கிராமமே பஸ் பிடித்து வருவதாகச் சொன்னார்கள்.

மாமியையும் கூப்பிட்டேன். "கபடியப் பாக்க நான் வரணுமாக்கும்! நடுவுல மக்ரிப் வந்துரும். தொழப் போனா எடத்த எவளாவது புடிச்சுக்குவா" என்றார்கள். உங்கள் இடம் உங்களுக்கே இருக்கும், நான் பொறுப்பு என்று சொன்னேன். நம்பவில்லை. ஆனாலும் எதிர்வீட்டு நூகு அண்ணன் சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். கையில் காகித டிக்கெட்டை மடிக்காமல் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

மத்தியானத்திலிருந்தே மழை. ஆட்டம் தொடங்கும் முன்பே டவர் போய்விட்டது. வாசலில் போய் நின்றேன். நெரவிப் பெண்கள் நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டு வந்தார்கள். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்தவர்கள் நகத்தில் கரியோடு வந்தார்கள். புர்கா போட்ட நம் தெருப் பெண்கள், மாணவர்கள், குழந்தைகளைத் தோளில் தூக்கிய அப்பாக்கள். ஒவ்வொருவருக்கும் கருவி 'பீப்' என்றது, பச்சை காட்டியது, உள்ளே போனார்கள். யாரும் யாரையும் தள்ளவில்லை.

கட்டுப்பாட்டு மேசைக்கு வந்து திரையைப் பார்த்தேன். அரங்கத்தின் வரைபடம் முதலில் முழுதும் வெள்ளையாக இருந்தது. ஒருவர் உள்ளே வர வர ஒரு புள்ளி பச்சையாகும். நெரவி பஸ்ஸில் போகும்போது, நட்ட வயல் பச்சை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அப்படிப் பரவியது. வயல் பச்சை பிடிக்க நாளாகும்; இது என் கண்ணெதிரே நடந்தது. ஒவ்வொரு புள்ளியும் ஓர் உயிர், மச்சான். அதில் ஒரு புள்ளி உங்கள் உம்மா. நிமிர்ந்து பார்த்தால் அதே மனிதர்கள் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

முதல் பாதி முடிந்ததும் மாமி எழுந்து போய், மாணவிகள் அறையில் தொழுதுவிட்டு வந்தார்கள். நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் டிக்கெட்டைக் காட்டிவிட்டு வேகமாகத் தங்கள் வரிசைக்குப் போனார்கள். இருக்கை காலியாகவே இருந்தது. மாமி உடனே உட்காரவில்லை. அதன் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள்.

இரண்டாம் பாதியில், அறிவுமதி எதிரணிக்குள் நுழைந்திருந்த சமயத்தில், கரண்ட் போய்விட்டது.

மொத்த அரங்கமும் இருண்டுவிட்டது. படிக்கட்டு ஓரத்துச் சின்ன விளக்குகள் மட்டும்தான் எரிந்தன. எனக்கு அந்தக் கம்பிக்கதவு சாய்ந்த சத்தம் காதில் கேட்டது. ஆனால், மச்சான், கூச்சல் வரவில்லை. மழையும் ஓய்ந்திருந்தது. அந்த இருட்டில் ஒரே ஒரு குரல் கேட்டது. "கபடி, கபடி, கபடி" என்று அந்தப் பெண் மூச்சை விடாமல் பாடிக்கொண்டே இருந்தாள். அத்தனை ஆயிரம் பேர் அவள் ஒருத்தியின் மூச்சைக் கேட்டுக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். பிறகு நடுவர் விசில் ஊதினார். அவள் நிறுத்தினாள்.

என் மேசைத் திரை மட்டும் அணையவில்லை. யாராவது எழுந்து வாசலைத் தாண்டினால் அவருடைய புள்ளி நிறம் மாறும். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு புள்ளிகூட மாறவில்லை. பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாத இருட்டில், அத்தனை பேரும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். கேட்டதெல்லாம் ஒரு டிக்கெட் முறைதான். கிடைத்தது என்னவென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அந்த நேரத்தில் மாமி இருந்த பக்கம் சில பெண்கள் பயந்து எழப் பார்த்திருக்கிறார்கள். இதை நூகு அண்ணன் சம்சாரம் பிறகு சொன்னார். மாமிதான் தணிந்த குரலில் சொல்லியிருக்கிறார்கள். "யாரும் எந்திரிக்காதீங்கம்மா. பிள்ளையக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு உக்காருங்க. நம்ம எடம் எங்கயும் போயிடாது. நான் போய்ப் பாத்துட்டு வந்தவ சொல்றேன்."

எங்கள் எலக்ட்ரீஷியன் முத்தையன் ஜெனரேட்டரை ஓட்டிவிட்டார். விளக்கு வந்தது. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சண்முகசுந்தரம் சார் என் மேசைப் பக்கம் வந்தார். போன வருஷம் அந்தக் கதவைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். "எல்லாரும் உக்காந்திருக்காங்கம்மா" என்றார். அதையே திரும்பவும் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

எங்கள் அணி தோற்றுப்போனது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் அரங்கம் முழுவதும் எழுந்து நின்று அறிவுமதிக்குக் கை தட்டியது. ஜெயித்த மதுரைப் பக்கத்துப் பெண்களும் தட்டினார்கள். பிறகு வரிசை வரிசையாக, வந்தது போலவே, வெளியே போனார்கள்.

தோஹாவில் நமக்காக நீங்கள் பிடித்திருக்கும் வீட்டின் படத்தைப் பார்த்தேன். ஜன்னலுக்கு இளநீலத் திரை போட்டிருக்கிறீர்கள். எனக்குப் பிடித்த நிறம் என்று யாரும் உங்களுக்கு நினைவுபடுத்தவில்லை; நீங்களே தேடி வாங்கியிருக்கிறீர்கள். அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்பது மாமிக்குத்தான் தெரியும். உங்களோடு ஒரே வீட்டில் இருக்கவேண்டும் என்பதில் எனக்கு வேறு எண்ணம் கிடையாது. அந்த வீடு எந்த ஊரில் இருக்கவேண்டும் என்பதைத்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். தை மாதம் கலையரங்கத்திலும் இந்த முறை தொடங்குகிறது. அடுத்த வருஷம் மாநிலப் போட்டியையே இங்கே நடத்தலாம் என்று பேசுகிறார்கள். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் ஸ்டோர் வேலைக்கு உங்களைப் போல அனுபவம் உள்ளவர்களைத் தேடுவதாகவும் காதில் விழுந்தது. இதை ஒரு செய்தியாகத்தான் எழுதுகிறேன்.

இதைப் படித்ததும் உங்களுக்குக் கோபம் வரலாம். வந்தால் வரட்டும். எனக்குப் போன் போடுவதற்கு முன்னால், ஒரு தடவை உங்கள் உம்மாவுக்குப் போட்டு, அன்றைக்கு என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். பிறகு எனக்குப் போடுங்கள். நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். லேகியத்தை ரூம்காரர்களுக்கே கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். உங்கள் நெஞ்சுச் சளி கரையவும், உங்கள் மனசு என் பக்கம் இளகவும் ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் துஆ செய்கிறேன். ரப்பு உங்களை நல்லபடியாக எங்களிடம் சேர்க்கட்டும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மர்யம்