‘ரன்’ என்ற சொல்லைப் பிரித்தவள்

ஜனவரி 14, 1963

மறுபடியும் பச்சை மை. எங்கள் ஆங்கில அகராதி அலுவலகத்தில் ‘ஆர்’ எழுத்துக்கு மேலாளர் பிளாக்லாக்; நாங்கள் எழுதியதை அந்த மையால் அடிக்க, வெட்ட அவருக்குத்தான் அதிகாரம். மூன்று வருஷமாக ‘ரன்’ என்ற ஒரே சொல்லோடு மாரடிக்கிறேன். மனிதன் ஓடினாலும் ரன், கடை நடத்தினாலும் ரன், தேர்தலில் நின்றாலும் ரன். அந்தச் சொல் வரும் வாக்கியங்களை எழுதிய மேற்கோள் சீட்டுகளைப் பொருள் வாரியாகக் கட்டுக் கட்டி வைத்தவள் நான். அவரோ மூக்கு ஒழுகுவது, குழாயில் தண்ணீர் வருவது, துணியில் சாயம் போவது — மூன்றையும் ஒரே பொருளாக்கிவிட்டார்.

“எல்லாம் ஈரந்தானேம்மா கார்த். ஓடுது, அவ்வளவுதான்.”

“குழாய் ஓடினா மூடலாம். மூக்கு ஓடினா துடைக்கணும். சாயம் ஓடினா சட்டையே போச்சு. மூணும் ஒண்ணா?”

“அது சலவைக்காரங்க கவலை. நமக்கென்ன?”

கொழுப்பு.

ஜனவரி 16

தேநீர் வேளையில் பிஸ்கட் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தவில்லை. அற்பத்தனந்தான். சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி 21

அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியர் மிசஸ் ஓர்மிடம் போய்க் கத்தினேன். “கலைச்சுப் போட்டுப் பாத்துடுவோம்” என்றார்.

இங்கே தீராத சண்டைக்கு அதுதான் வழக்கம். சீட்டுகளைக் கலைத்துவிடுவார்கள், பிரித்தவரே குறிப்பைப் பார்க்காமல் மறுபடி பிரிக்க வேண்டும். அதே கட்டுகள் வந்தால் பொருள் வேறுதான். வராவிட்டால் எல்லாம் கற்பனை, ஒன்றாக்க வேண்டியதுதான். இந்த மூன்றோடு பிளாக்லாக் நிற்கமாட்டார். பாதி ‘ரன்’ போய்விடும்.

சரிபார்ப்பவர் யார்? பிளாக்லாக்! நல்ல நியாயம்.

ஜனவரி 24

சீட்டுகளைக் கலைத்து என் மேஜையில் கொட்டினார்கள். சுவரில் வழிந்த பெயின்ட் — குழாயா, சாயமா? உருகின மெழுகு எங்க போகும்? வெங்காயம் உரிச்சு கண்ணுல தண்ணி — மூக்கோடவா? நான் பிரிச்சதுதானே, எனக்கே தெரியலையே!

பிளாக்லாக் ஒவ்வொரு சீட்டாகப் புரட்டினார். பாதி தப்பு என்று எனக்கே தெரியும். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மிசஸ் ஓர்மிடம், “எல்லாம் அதது இடத்துல இருக்கு” என்றார்.

பொய்! ஒரு காற்புள்ளிக்குக்கூட வளைந்து கொடுக்காத மனிதர்.

நடைவழியில் மறித்தேன். “ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“மூணு வருஷ உழைப்பும்மா. உன் முகத்தைப் பாத்தேன். பாவமா இருந்துச்சு.”

பாவமா? நானா? இந்த ஆள்கிட்டயா? அறைந்திருக்க வேண்டும்.

ஜனவரி 25

ஜெயித்தாயிற்று. எல்லாரும் கைகுலுக்கினார்கள். வாயெல்லாம் கசப்பு.

ஜனவரி 28

மிசஸ் ஓர்மிடம் சொல்லிவிட்டேன். நான் தோற்றதையும், அவர் மறைத்ததையும்.

“உனக்காகத்தானே பண்ணேன்?” என்றார் பிளாக்லாக். முகம் வெளுத்திருந்தது. “இத்தனை வருஷப் பேரைக் கெடுத்துட்டியே.”

“நானா கேட்டேன்? திட்டியிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன். பிச்சை போட்டீங்களே!”

பிப்ரவரி 11

பிளாக்லாக்கை மேல்மாடியில் வேறு எழுத்துக்கு மாற்றிவிட்டார்கள். படிக்கட்டில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்குகிறார்.

மூக்கு, குழாய், சாயம் மூன்றையும் இன்று ஒரே பொருளாக எழுதி முடித்தேன். பெயின்ட்டும் மெழுகும் கண்ணீரும் தாமாகவே வந்து உட்கார்ந்துகொண்டன. மூன்று வருஷத்தில் நான் எழுதியதிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது.

அவரிடம் சொல்ல மாட்டேன்.