மாடிப் பந்தலுக்கு மேல் உங்கள் முகம்

என்னிடம் சொல்லாமல் எங்கேயும் போகாத என் வீட்டுக்காரருக்கு,

சாயங்காலத்திலிருந்து நாலு தடவை மாடிக்கு ஏறி இறங்கிவிட்டேன். உட்கார்ந்தால் மாடியில் ஏதோ தட்டுகிறது. ஏறிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. நீங்கள் இருந்தால் "சும்மா கெட" என்று அதட்டியிருப்பீர்கள்.

நீங்கள் ஆசைப்பட்ட மாடிப் பந்தலைப் போட்டுவிட்டேன். தகரம் வேண்டாம் என்றேன். சங்கரன்கோவில் ஆடிக் காற்றுக்குத் தகரம் எந்த வீட்டில் நிலைத்தது? மேலே இடைவெளி விட்டு இரும்புக் குழாய்கள் மட்டும்தான். காற்று தன்பாட்டுக்குப் போய்விடும். நிழல் கொஞ்சம்தான், எனக்கு அது போதும்.

உங்கள் தம்பிக்குப் போதவில்லை. நான் கோவிலுக்குப் போயிருந்தபோது ஒரு பிளக்ஸை மேலே விரித்து இறுக்கிக் கட்டிவிட்டார். கல்யாண பிளக்ஸும் கட்சி பிளக்ஸும் கடைசியில் மாட்டுக்கொட்டகைக்குத்தானே நம் ஊரில் போகும்? இது உங்களுடைய கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ். முகம் கீழே பார்க்கும்படி கட்டியிருந்தார். அண்ணாந்தால் சிரிக்கிறீர்கள். மறைப்பானேன், எனக்கும் பிடித்திருந்தது. காப்பியைக்கூட அங்கேதான் குடித்தேன்.

இன்றைக்குக் காற்று எடுத்தது. பிளக்ஸ் உப்பிக்கொண்டு பந்தலையே தூக்கியது. மேற்குக் காலின் போல்ட் ஆட ஆரம்பித்தது. கிழக்கே பக்கத்து வீட்டு ஓட்டுக்கூரைக்குக் கீழே, போன மாதம் பிறந்த பிள்ளை. உள்ளறைக்குத் தூக்கிப் போகச் சொன்னேன். உள்ளேயும் ஓடுதானே?

கயிற்றை அறுத்தால் பிளக்ஸ் முழுசாகப் பறந்து கரண்டுக் கம்பியில் விழும். நடுவில் கிழித்தால்தான் காற்று இறங்கும். நடுவில் நீங்கள் இருந்தீர்கள். உங்கள் தம்பியிடம் கத்தியை நீட்டினேன்.

"அண்ணன் மொகத்துல கத்தி வைக்கச் சொல்லுதியளா மதினி? மணல் மூட்டைய வச்சு அமுக்கிருதேன்."

"மூட்டையும் சேந்துல்லா அந்தப் பிள்ள மேல விழும்."

அவர் திரும்பி நின்றுகொண்டார். நான் ஸ்டூலில் ஏறி, நெற்றியிலிருந்து தாடைவரை ஒரே இழுப்பாக இழுத்தேன். பந்தல் ஒருமுறை குலுங்கிவிட்டு நின்றது. பக்கத்து வீட்டில் பிள்ளை அழும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டபிறகுதான் எனக்கும் அழுகை வந்தது.

உங்களை எரித்ததைக்கூட நான் பார்க்கவில்லை, பெண்களைச் சுடுகாட்டுக்கு விடவில்லையே. இன்றைக்கு என் கையாலேயே உங்கள் முகத்தைக் கிழித்தேன். கோபமா உங்களுக்கு?

காற்று அடங்கட்டும், கிழிசலை அவிழ்த்துவிடுகிறேன். இனி அந்தப் பந்தலுக்கு மேல் யாரையும் கட்ட விடமாட்டேன், உங்களையும்தான்.

உங்கள் வீட்டுக்காரி,
கோமதி