பத்து நாற்பத்தொன்றுக்கும் தண்ணீரில்

ஏங்க,

உங்களை எழுப்பவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏழு மணி பஸ்ஸில் ஏரிக்குப் போகிறேன். தொழிற்சாலையில் ஷிப்ட் போடுகிற கையால், கோடை லீவில் கிடைத்த ஒரே ஒரு நாளுக்கும் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினீர்களே, அதைக் கிழித்துவிட்டேன். ‘ஏரிக் குளியல்: 10.00–10.40’!

“பத்து நாப்பத்தொண்ணுக்கும் தண்ணிக்குள்ளயே இருந்தா திட்டுவீங்களாப்பா?” என்று சின்னவள் நேற்று கேட்டாள். விளையாட்டுக்குக்கூடச் சிரிக்காமல், “ஆமா” என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முட்டை வேகவைத்திருக்கிறேன். நீங்களே உரித்துக்கொள்ளுங்கள். சாவி செருப்பு அலமாரி மேல்.

பி.கு.: உங்கள் அரைக்கால் சட்டையைச் சின்னவள் என் பைக்குள் திணித்திருந்தாள். வெளியே எடுத்துப் போட்டேன். மறுபடியும் திணித்துவிட்டாள். அடுத்த பஸ் ஒன்பதுக்கு. கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.