மார்க்குக்கு நான் எழுதிய கடிதம்

கரண்ட் போய் இப்போதுதான் வந்தது. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டு மின்விசிறிகளும் ஒன்றாகச் சுற்றத் தொடங்கின. மேசையில் இருக்கும் கேம் பெட்டியின் சிவப்பு விளக்கும் எரிந்தது. அம்மா ஊதி அணைத்த மெழுகுதிரியின் புகை இன்னும் அறையில் நிற்கிறது. அந்த வாசனை மூக்கில் ஏறும்போதெல்லாம் உங்கள் ஞாபகம் வருகிறது. கூடவே முகம் சுடுகிறது.

நாம் இருவரும் நேரில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் இரண்டு வருடங்கள் ஒன்றாக வேலை செய்தோம். பழைய கேம் பெட்டி ஒன்றில் இன்றைய லினக்ஸ் இயங்குதளத்தை ஓடவைக்க முயன்ற ஒரு சின்ன இணையக் குழு அது. உலகம் முழுவதிலும் சேர்த்து ஒரு வான் வண்டியில் ஏற்றக்கூடிய அளவு ஆட்கள். விளையாடுவதற்கென்றே செய்த பெட்டி. விசைப்பலகை கிடையாது, நினைவகம் மிகச் சொற்பம். எழுத்துகளை டிவித் திரையில் வரவைப்பது உங்கள் பாடு. அந்தச் சின்ன நினைவகத்துக்குள் எல்லாவற்றையும் மடித்துத் திணிப்பது என் பாடு.

முதல் நாளே உங்கள் முழுப்பெயரைப் போட்டு, வெள்ளவத்தை, கொழும்பு என்று எழுதினீர்கள். முதல் சம்பளத்தில் வாங்கிய பெட்டியாம், எறிய மனமில்லையாம். “இன்னும் உயிர் இருக்கிறது சார்” என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த ‘சார்’ நான். அங்கே என் பெயர் மார்க், ஊர் லண்டன்.

ஏன் மார்க் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததையும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அப்பா புறக்கோட்டையில் மூட்டை இறக்குகிறவர். முதல் வருடத்தில் விரிவுரையில் ஒரு ஆங்கிலச் சொல்லைப் பிழையாகச் சொன்னேன். பின்வரிசை அதை அந்தத் தவணை முழுவதும் எனக்கே திருப்பிச் சொன்னது. அதற்கும் முன்னால், உயர்தரம் படித்தபோது, வெள்ளவத்தை டியூசனில் “பஸ் வந்திருச்சி” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். என் தாத்தா மலையகத்தில் இருந்து இறங்கி வந்தவர். வீட்டில் நாங்கள் அப்படித்தான் பேசுவோம். “கொழுந்து வந்திருச்சோடி?” என்று தேயிலை பறிப்பது போல் கையை ஆட்டி ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு நான் இரண்டு மொழியிலும் வாயைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

மார்க்கைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. மார்க் சொன்னால் கேட்டார்கள். அதனால் அவனுக்குத் திமிரும் வந்துவிட்டது. நீங்கள் அனுப்பிய நிரலில் ஒரு பிழை கண்டால், “முதலில் கையேட்டைப் படியுங்கள்” என்று ஒற்றை வரியில் எழுதுவேன். “படித்தேன் சார். மறுபடியும் படித்தேன் சார். மண்டைக்குள் போகவில்லை சார்” என்று பதில் வரும். என் அப்பாவை விடக் கொஞ்சம்தான் இளையவர் நீங்கள். அந்த ‘சார்’களை வாசித்து நான் சிரித்திருக்கிறேன். அதை நினைக்கும்போது இப்போது நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

ஒருநாள் பின்னேரம் உங்கள் டிவியில் முதன்முதலாக எழுத்துகள் வந்தன. வெள்ளை வரிகள் கீழிருந்து மேலே ஏறிப்போய், கடைசியில் கட்டளைக்காகக் காத்து நிற்கும் அந்தச் சின்ன மினுக்கல். நீங்கள் படம் எடுத்து அனுப்பினீர்கள். டிவிக் கண்ணாடியில் உங்கள் நிழல் தெரிந்தது. இடுப்பில் சாரத்தோடு, போனைத் தூக்கிப் பிடித்தபடி. நான் மாமிசத் துண்டைப் பார்த்த பூனை மாதிரி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து என்ன செய்யலாம் என்று இருவரும் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. அன்று நாடு முழுவதும் ஒரே அடியாகப் போனது.

கரண்ட் வந்ததும் ஓடிவந்து அரட்டைப் பெட்டியைத் திறந்தேன். நீங்களும் அதே நிமிடம் உள்ளே வந்தீர்கள். பிறகு ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது.

“கரண்ட் வந்திட்டுதோ?”

வெள்ளவத்தையிலும் லண்டனிலும் ஒரே நேரத்தில் கரண்ட் போய் ஒரே நேரத்தில் வராது என்பது உங்களுக்குப் புரிந்துவிட்டது. ‘ஓம்’ என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல்லோடு மார்க் போய்விடுவான். மூட்டை இறக்குகிறவரின் மகள் திரையில் வந்து நிற்பாள். நான் ஆங்கிலத்தில் எழுதினேன்: “மன்னிக்கவும், இது என்ன மொழி?”

பெற்ற தாய் பேசும் மொழியை, என்னவென்று கேட்டேன்.

உடனே பதில் போட்டீர்கள். “சொறி சார். மனைவிக்கு அனுப்பியது. அரட்டை ஜன்னல் மாறிவிட்டது.” அவ்வளவுதான். திரும்ப ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மழை பலமான நாட்களில் மட்டும், “இங்கே கரண்ட் போகலாம். செய்த வேலையைச் சேமித்து வையுங்கள் சார்” என்று எழுதுவீர்கள். உங்கள் வேலையைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று நான் என்னையே நம்பவைத்தேன்.

பிறகு நீங்கள் வரவில்லை. இரண்டு கிழமை கழித்து, அம்மா வாங்கிய மரக்கறியைச் சுற்றி வந்த பத்திரிகையில், மரண அறிவித்தல் பக்கத்தில், உங்கள் படமும் பெயரும் விலாசமும் இருந்தன. டிவிக் கண்ணாடியில் பார்த்த அதே தோள். மாரடைப்பு என்று பிறகு தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தேன். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் உங்கள் தொடர்மாடி வீடு. பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உங்கள் மனைவி என்னை இருத்தி, தேத்தண்ணி தந்தா.

“நீங்கள் ஆர் பிள்ளை? ஒஃபிசோ?”

“இல்ல அக்கா. அவரோட கம்ப்யூட்டர் வேலை செஞ்சேன்.”

“ஐயோ, அந்தக் கேம் பெட்டியோ! பிள்ளைகூட விளையாடாத சாமானை வைச்சு இந்த மனிசன் பட்ட பாடு. அப்ப உமக்கு மார்க்கைத் தெரியுமோ?”

தலையை எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

“வெள்ளைக்காரன். இவருக்கு அவனெண்டால் உயிர். எந்த நேரமும் மார்க் சொன்னவன், மார்க் பேசினவன். எந்த ஊர்க்காரன் எண்டு கேட்டால், ‘கிட்டத்தான்’ எண்டு சிரிப்பார். லண்டன் கிட்டவோ, நீரே சொல்லும்?” சிரிக்கப்போன வாய் கோணி, கண்ணைத் துடைத்தா. “அவனுக்கு அறிவிக்கோணும். எனக்கு இங்கிலிஸில எழுத வராது. நீர் படிச்ச பிள்ளைதானே, ரெண்டு வரி எழுதி விடுமன்.”

உங்கள் மடிக்கணினியைத் திறந்து என் முன்னால் வைத்தா. அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். அக்கா, அது நான்தான் என்று. நான் எழுதினேன். அன்புள்ள மார்க், என் கணவர் காலமாகிவிட்டார். உங்களைப் பற்றி எப்போதும் பேசுவார். அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் என் கைப்பையில் இருந்த போன் அதிர்ந்தது. அக்கா வாசல் பக்கம் யாருக்கோ கதிரை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தா.

கிட்டத்தான் என்று சொல்லியிருக்கிறீர்கள். சொந்த வீட்டில்கூட அதற்கு மேல் ஒரு சொல் சொல்லாமல் என்னைக் காத்திருக்கிறீர்கள். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. சிரிக்கிறவர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும்.

அந்தக் கடிதம் இன்னும் என் போனில் திறக்காமல் தடித்த எழுத்தில் இருக்கிறது. அக்கா இரண்டு தரம் கோல் எடுத்துவிட்டா. “பிள்ளை, மார்க் பதில் போட்டவனோ? பாவம், அவனும் அழுதிருப்பான்.” அழுதான் அக்கா என்று போனை வைத்த பிறகுதான் சொன்னேன்.

இப்போது பெட்டி ஓடத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் முதல் வரியில் அதைச் செய்தவர்களின் பெயர்கள் வரும். உங்கள் பெயர், உங்கள் அப்பா வைத்த பெயர், முழுவதுமாக. பக்கத்தில் மார்க். அந்த வரியை எழுதியவர் நீங்கள். யாரென்று தெரிந்த பிறகும் எனக்குப் பிடித்த பெயரையே போட்டிருக்கிறீர்கள்.

இதை முடித்ததும் அந்தக் கடிதத்தைத் திறந்து பதில் எழுதப்போகிறேன். தமிழில், என் பெயரில். அக்கா என்ன சொல்வாவோ தெரியாது. அதற்கு முன்னால், கரண்ட் வந்ததா என்று அன்று நீங்கள் கேட்டதற்கு, எங்கள் வீட்டில் சொல்வது போலவே, ஒரு பதில்.

வந்திருச்சி அண்ணே. இங்கேயும் இப்பதான் வந்திருச்சி.